நாக்அவுட் சுண்டெலிக்கு 15 மி.மீ. பிரஷர் கூடுதலாகக் காட்டுகிறது. நம்பலாமா?

இரண்டாம்வருடம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வுப் படிப்பில் இரண்டாம் வருடம் இருக்கிறேன். மரபணு மாற்றிய சுண்டெலிகளை வைத்து உயர் ரத்த அழுத்தம் பற்றி வேலை. சிறுநீரகக் குழாய்களில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் வேலைக்குக் கடிவாளம் போடுகிற ஒரு புரதம் இருக்கிறது. அதன் ஜீனை நீக்கிய எலிகள் (நாக்அவுட்) எங்களிடம் உள்ளன. வேலை இன்னும் வெளிவராததால் ஜீனின் பெயரைச் சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும். கடிவாளம் போனால் உப்பு உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

வாலில் வளையம் மாட்டிப் பிரஷர் பார்க்கும் டெயில் கஃப் வைத்து அளந்தேன். நாக்அவுட் 8, ஒப்பிடுவதற்கு ஜீன் நீக்காத கன்ட்ரோல் 8, எல்லாமே ஆண், 12 வார வயது. கன்ட்ரோல் எலிகளின் சிஸ்டாலிக் சராசரி 112. நாக்அவுட்டுக்கு 127. கைடுக்கு மிகுந்த சந்தோஷம், கட்டுரைக்குப் படம் வரையச் சொல்லிவிட்டார். எனக்கு மனது கேட்காமல் அடுத்த வாரமும் அளந்தேன். வித்தியாசம் 9 ஆகிவிட்டது. மூன்றாவது வாரம் 6. அந்த வாரம் ஒரு கன்ட்ரோல் எலி மட்டும் 131 காட்டியது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாக்அவுட் எலிகளை நாங்களே வளர்க்கிறோம். நாலைந்து தலைமுறையாக நாக்அவுட்டோடு நாக்அவுட்டைத்தான் சேர்க்கிறோம், பிறக்கும் குட்டி எல்லாமே பயன்படும் என்பதற்காக. கன்ட்ரோலுக்கு அதே வயதுள்ள, பிளாக் 6 என்கிற ஆய்வக இன எலிகளை வெளியிலிருந்து வாங்குகிறோம். முதல் வாரத்து எண்ணை எழுதிவிட்டு நகர்வதா, இல்லை எங்கேயாவது தப்பு இருக்கிறதா? கூடத்தில் இதைக் கேட்கக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, அதனால்தான் இங்கே.

கூடத்து_அக்கா பதில்:

தங்கச்சி, இரண்டாவது மூன்றாவது வாரத்து எண்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். அதற்காகவே விரிவாக எழுதுகிறேன். நான் பட்டம் வாங்கிய விஞ்ஞானி இல்லை, டெக்னீஷியன். 16 வருடமாகச் சுண்டெலிகளுக்குப் பிரஷர் பார்ப்பதுதான் என் வேலை.

படம் வரைவதைத் தள்ளிப் போடு. எண் குறைந்துகொண்டே வந்ததற்குக் காரணம் எலிகள் பழகியது. முதல் வாரம் நீ அளந்தது ரத்த அழுத்தத்தை மட்டும் இல்லை, பயத்தையும் சேர்த்து. 25 கிராம் எடையுள்ள உயிர் அது. சாதாரணமாகவே அதன் இதயம் நிமிடத்துக்கு 500, 600 தடவை துடிக்கும். அதை ஒரு குழாய்க்குள் அடைத்து, வாலில் வளையம் மாட்டி, காற்றடித்து ரத்த ஓட்டத்தை நிறுத்தி, காற்றை மெல்ல இறக்கும்போது எந்த அழுத்தத்தில் ஓட்டம் திரும்புகிறது என்று பார்க்கிறோம். மனிதனுக்குக் கையில் பட்டை சுற்றிப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். ஆனால் எலி பயந்தாலோ குளிர்ந்தாலோ வால் நாளம் சுருங்கிவிடும். ஓட்டம் மெலிந்த வாலில் வருகிற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

குறைந்தது ஐந்து நாள், ஆறு நாள் எலியைப் பழக்கு. தினமும் அதே நேரம், அதே ஆள், அதே அறை. அந்த நாட்களில் வரும் எண்களைப் பார்க்கவே பார்க்காதே. அப்புறம் அளக்கத் தொடங்கிய பிறகும், ஒவ்வொரு நாளும் முதல் பத்து அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தவற்றின் சராசரியை எடு. எலியைக் குழாயில் விட்டதும் பொத்தானை அமுக்காதே. மூக்கு நுனி குழாயின் முன் துளையில் வந்து நிற்கும். மீசை வேகமாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் அடங்கி, வயிறு ஏறி இறங்குவது ஒரே சீராக வரும் வரை நான் காத்திருப்பேன். சில எலிக்கு இரண்டு நிமிடம் போதும், சிலதற்குப் பத்து நிமிடம் ஆகும். அன்றைக்கு அடங்கவே இல்லையென்றால் கூண்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அந்த 131 எலியைப் பற்றி ஒரு கேள்வி. அதற்கு முன்னால் அதே குழாயில் இருந்த எலி சிறுநீர் கழித்திருந்ததா? குழாயைக் கழுவித் துடைத்தாயா? பயந்துபோன இன்னொரு எலியின் வாசனையிலேயே அடுத்தது மிரண்டுவிடும். நான் ஒவ்வொரு எலிக்கும் நடுவில் குழாயைக் கழுவுவேன். நாளைக்கு 12 எலிக்கு மேல் அளக்க முடியாமல் போகிறது, போகட்டும்.

அப்புறம், எது நாக்அவுட் எது கன்ட்ரோல் என்று அளக்கிற ஆளுக்குத் தெரியவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் இதை நான் அலட்சியம் செய்தேன். கூண்டு அட்டையில் எல்லாம் எழுதியிருந்தது. நாக்அவுட் எலி குறைந்த எண் காட்டினால், வால் ஆடிவிட்டதோ என்று மறுபடி அளந்தேன். கன்ட்ரோல் எலி குறைந்த எண் காட்டினால் அப்படியே எழுதிக்கொண்டேன். ஏமாற்ற வேண்டும் என்று துளியும் நினைக்கவில்லை, கை தானாக அப்படிப் போனது. நாலு மாத வேலையைத் திரும்பச் செய்தோம். இப்போது இன்னொருவர் அட்டையை மாற்றி எண் மட்டும் ஒட்டித் தந்த பிறகுதான் கூண்டைத் தொடுவேன்.

டெயில் கஃப் முறையே கூடாது என்று சிலர் சொல்வார்கள், அதை நான் ஏற்கவில்லை. ஆலிவர் ஸ்மித்திஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். எலியின் கரு ஸ்டெம் செல்லில் ஒரு குறிப்பிட்ட ஜீனை மட்டும் குறிவைத்து மாற்றும் முறைக்காக மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ் இருவரோடும் 2007இல் நோபல் பரிசு பெற்றவர். வட கரோலைனாவில் இருந்த அவருடைய குழுவேதான் சுண்டெலிக்கான கணினி வழி டெயில் கஃபைச் சரிபார்த்து 1995இல் வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு 8 மி.மீ. வித்தியாசத்தைக்கூட அவர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது. நிறைய எலி, நிறைய நாள், பொறுமை, அவ்வளவுதான்.

இனி உன் கன்ட்ரோல் விஷயம். எனக்கு நிஜமாகவே கவலை தருவது இதுதான். வெளியில் வாங்கிய எலி உன் நாக்அவுட்டுக்கு உறவே இல்லாத எலி. தண்ணீர் வேறு, படுக்கைத் தூள் வேறு, தாய் வேறு, பயணம் செய்து வந்த அலுப்பு வேறு. பிளாக் 6 என்று பொதுவாகச் சொல்கிறாய், அதில் 6ஜேயா 6என்னா என்று பார்த்தாயா? 1951இல் பிரிந்து போன இரண்டு கிளைகள் அவை. 6ஜே வகையில், மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் ஒரு நொதிக்கான என்என்டி என்கிற ஜீன் சிதைந்து கிடக்கிறது, 6என் வகையில் முழுசாக இருக்கிறது. உன் நாக்அவுட் ஒரு கிளையிலும் கன்ட்ரோல் இன்னொன்றிலும் இருந்தால், நீ ஒப்பிடுவது உன் ஜீனை மட்டும் இல்லை.

இன்னொன்று. பழைய நாக்அவுட்கள் பலவும் 129 என்கிற இனத்தின் ஸ்டெம் செல்லில் செய்யப்பட்டு, அப்புறம் பிளாக் 6உடன் கலக்கப்பட்டவை. எத்தனை தலைமுறை கலந்தாலும், மாற்றிய ஜீனுக்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் துண்டு 129 உடையதாகவே வரும். பிரஷர் வேலையில் இது சின்ன விஷயம் இல்லை. பிளாக் 6க்கு ரெனின் ஜீன் ஒன்று. 129க்கு இரண்டு. பிரஷரை ஏற்றும் சங்கிலியின் முதல் கண்ணியே ரெனின்தான். அந்த ஜீன் எலியின் 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது. உன் ஜீனும் அதே பக்கத்தில் இருந்தால், நீ நீக்கியது ஒன்று, தெரியாமல் சேர்த்துக்கொண்டது ஒன்று என்று ஆகிவிடும். முதலில் அதைப் பார்.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளைத்தான் ஒப்பிட வேண்டும். நாக்அவுட்டைச் சாதாரண எலியோடு சேர். பிறப்பவை எல்லாம் அந்த ஜீனின் ஒரு பிரதி மட்டும் உள்ளவை. அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒன்று நாக்அவுட், நாலில் ஒன்று சாதாரணம், பாதி நடுவில். ஒரே தாய், ஒரே பால், ஒரே கூண்டு. காலம் பிடிக்கும், தெரியும். சினை 20 நாள், பால் மறக்க 21 நாள், அப்புறம் வளர வேண்டும். ஆனால் வேறு வழி இல்லை.

அந்த நடுவில் பிறக்கும் பாதியைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். மனிதர்களில் ஒரு ஜீன் முழுதாக இல்லாதவர்கள் மிக அபூர்வம். கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்று இருப்பவர்கள்தான் நம்மைச் சுற்றி இருக்கிறோம். ஸ்மித்திஸ் குழு இதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆஞ்சியோடென்சினோஜென் என்று கல்லீரல் சுரக்கும் புரதம். ரெனின் அதை வெட்டுவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. அந்த ஜீன் மனிதர்களின் உயர் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வருகிறது என்று 1992இல் யூட்டா, பாரிஸ் குடும்பங்களில் பார்த்திருந்தார்கள். சேர்ந்து வருகிறது, சரி, அதுதான் காரணமா? மனிதனில் அதைச் சோதிக்க முடியாது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜீனை நீக்கிய எலிகளோடு, அதே ஜீனை அதே இடத்தில் இரட்டித்த எலிகளையும் உருவாக்கினார்கள். இரண்டு வகையையும் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பிரதி உள்ள எலிகள் கிடைத்தன. ஒவ்வொரு பிரதிக்கும் ஏறக்குறைய 8 மி.மீ. ஏறிக்கொண்டே போனது. 1995இல் வந்த வேலை. அந்தப் படிக்கட்டுப் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று நான் கூண்டு கழுவப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜீன் கொஞ்சம் கூடினால் பிரஷர் கொஞ்சம் கூடும் என்பதை அவ்வளவு தெளிவாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

அதே குழு ஏசிஇ ஜீனையும் ஒன்று, இரண்டு, மூன்று பிரதி என்று மாற்றிப் பார்த்தது. ஆஞ்சியோடென்சின் 1ஐ, பிரஷரை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றும் நொதி அது. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் விழுங்கும் பிரஷர் மாத்திரை தடுப்பது இந்த ஏசிஇயைத்தான். ஆனால் பிரதிக்கு ஏற்றபடி பிரஷர் மாறவில்லை. ஏசிஇ பாதியானால் அதற்கு முந்தைய பொருளான ஆஞ்சியோடென்சின் 1 கொஞ்சம் தேங்கும். தேங்கியது அதிகம் என்பதால், பாதி நொதியே பழைய அளவு ஆஞ்சியோடென்சின் 2ஐச் செய்துவிடும். மாத்திரை நொதியைப் பாதியோடு விடுவதில்லை, ஏறக்குறைய முழுக்கக் கட்டிப் போடுகிறது, அதனால் வேலை செய்கிறது. நாக்அவுட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த இரண்டு ஜீனுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தே இருக்காது. இரண்டிலுமே முழு நாக்அவுட்டுக்குப் பிரஷர் விழுந்துவிடும்.

உன் ஜீன் உப்பு சம்பந்தப்பட்டது என்பதால் இன்னும் ஒன்று மட்டும். உப்பை வெளியேற்ற உதவும், இதயம் சுரக்கும் ஏஎன்பி ஹார்மோனின் ஜீனை நீக்கிய எலிகளும் அதே 1995இல், அதே குழுவிடமிருந்து வந்தன. ஒரு பிரதி மட்டும் உள்ளவற்றுக்குச் சாதாரணத் தீவனத்தில் பிரஷர் சாதாரணம். 8 சதவீதம் உப்புள்ள தீவனம் கொடுத்ததும் 27 மி.மீ. ஏறிவிட்டது. உப்பு கொடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் குட்டிகளைக் குறையே இல்லாதவை என்று எழுதியிருப்பார்கள்.

கால்நடை_மருத்துவர் பதில்:

அக்கா சொன்னதில் எதையும் மறுக்கவில்லை. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

கூடத்தின் வெப்பநிலை. நமக்கு இதமான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர். அதற்கு இதமானது 30க்குப் பக்கத்தில். 22இல் இருக்கும் எலி சூடு உண்டாக்குவதற்காக நாள் முழுக்க இதயத்தை விரட்டிக்கொண்டே இருக்கிறது. 30க்குக் கொண்டுபோனால் இதயத் துடிப்பும் பிரஷரும் நன்றாகவே இறங்கும். எல்லாக் கூண்டிலும் கூடு கட்ட ஒரே அளவு பஞ்சு இருக்கிறதா, ஒரு கூண்டில் நாலு எலி இன்னொன்றில் ஒன்று என்று இல்லையே என்று பாருங்கள். தனியாக இருக்கும் எலிக்கு ஒட்டிப் படுக்கத் துணை இல்லை.

அடுத்தது, சுண்டெலி இரவில் விழித்திருக்கும் உயிர். மதியம் நீங்கள் குழாயில் விடும்போது அதைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறீர்கள். இரவில் அதன் பிரஷர் என்ன செய்கிறது என்று டெயில் கஃப் சொல்லாது. வசதி இருந்தால், உடம்புக்குள் கருவி வைத்து அளவை வெளியே அனுப்பும் டெலிமெட்ரி செய்யுங்கள். கழுத்தில் கரோடிட் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நுனியை மகாதமனி வளைவில் நிறுத்தி, அனுப்பும் கருவியைத் தோலுக்கடியில் விலாப்பக்கம் வைத்துத் தைக்க வேண்டும். தமனி அரை மில்லிமீட்டர் தடிமன்தான். எலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லிக்குள். நாலைந்து சொட்டு போனாலும் அதற்குப் பெரிய இழப்பு. ஆகவே கற்றுக்கொள்ளாமல் கை வைக்காதீர்கள். தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். வலி மருந்து தவறக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் ஆற விட்டு, எடை பழைய நிலைக்கு வந்த பிறகு கருவியை இயக்குங்கள்.

இரண்டாம்வருடம் பதில்:

இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா, இன்று காலை போய்ப் பார்த்தேன். என் ஜீன் 1ஆம் குரோமோசோமில் இல்லை, அந்தக் கவலை தீர்ந்தது. ஆனால் நாக்அவுட் 6ஜேயில் இருக்கிறது, வாங்கிய கன்ட்ரோல் 6என். பில்லில் அப்படியே அச்சிட்டிருக்கிறது, இரண்டு வருடமாக யாரும் கவனிக்கவில்லை. குழாயை எலிக்கு எலி கழுவவும் இல்லை, எத்தில் ஆல்கஹால் தடவித் துடைத்தேன். அந்த நெடியே எலிக்குப் பிடிக்காது என்று இப்போது புரிகிறது. கைடிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் புதிதாகச் சேர்க்கை தொடங்கச் சொல்லிவிட்டார்.

குறைமாதத்_தாய் கேட்டது:

நான் இந்தத் துறை இல்லை. கர்ப்பத்தில் ஏழாம் மாதம் எனக்குப் பிரஷர் ஏறி, குழந்தையை முன்கூட்டியே எடுத்தார்கள். பிரசவம் ஆனதும் சில வாரத்தில் பிரஷர் தானாக இறங்கிவிட்டது. ஏன் வந்தது என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்லவில்லை. நீங்கள் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். இந்த மாதிரி பிரஷருக்கும் எலி உண்டா?

கூடத்து_அக்கா பதில்:

உண்டு அம்மா. உங்கள் குழந்தை நலமாக இருக்கிறது என்று நம்புகிறேன்.

மனித ரெனின் எலியின் ஆஞ்சியோடென்சினோஜெனை வெட்டாது. பூட்டும் சாவியும் இனத்துக்கு இனம் வேறு. அதனால் மனித ரெனின் ஜீனை மட்டும் எலிக்குள் வைத்தால் ஒன்றும் ஆகாது. மனித ஆஞ்சியோடென்சினோஜென் ஜீனை மட்டும் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மனித ஆஞ்சியோடென்சினோஜென் உள்ள பெண் எலி, மனித ரெனின் உள்ள ஆண் எலி. இரண்டுக்கும் பிரஷர் சாதாரணம். சேர்த்து வைத்தார்கள். சினையின் கடைசி நாட்களில் தாய்க்குப் பிரஷர் மளமளவென்று ஏறியது. காரணம், கருவுக்கு அப்பாவிடமிருந்து வந்த ரெனின் ஜீன் நஞ்சுக்கொடியில் வேலை செய்து, அந்த ரெனின் தாயின் ரத்தத்துக்குள் கசிந்தது. தாயிடம் காத்திருந்த மனிதப் புரதத்தை அது வெட்டியது. குட்டி போட்டதும் பிரஷர் இறங்கிவிட்டது. 1996இல் வந்தது இது. பெண்ணிடம் ரெனின் ஜீனும் ஆணிடம் மற்றதும் என்று மாற்றிச் சேர்த்தபோது தாய்க்குப் பிரஷர் ஏறவில்லை.

உங்களுக்கு நடந்தது இதேதான் என்று நான் சொல்லவில்லை. மனிதத் தாய்மாருக்கு வருவதில் வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ஒரு பொருளே பிரஷரை ஏற்ற முடியும் என்பது அந்த எலியில் கண்கூடாகத் தெரிந்தது. தாய் ஏதோ தப்பாகச் சாப்பிட்டதாலோ கவலைப்பட்டதாலோ அங்கே எதுவும் நடக்கவில்லை. உங்களிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நெஃப்ரான் பதில்:

நான் சிறுநீரக மருத்துவர். எலிகளைத் தொட்டதில்லை, ஆனால் அவற்றின் மேல் எனக்கு நன்றி உண்டு. என் நோயாளிகள் கேட்பது ஒன்றுதான்: பிரஷர் இதயத்தில் வருகிறதா, ரத்தக் குழாயிலா, கிட்னியிலா? இதற்கு நேரடியான விடை தந்தது டியூக் பல்கலைக்கழகத்தில் தாமஸ் காஃப்மன் குழு செய்த வேலை. ஆஞ்சியோடென்சின் வந்து ஒட்டும் ஏடி1ஏ ஏற்பியை நீக்கிய எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் நடுவில் சிறுநீரகத்தை மாற்றிப் பொருத்தினார்கள். மொச்சைக் கொட்டை அளவு உறுப்பை! ஒரு வகை எலிக்கு ஏற்பி சிறுநீரகத்தில் மட்டும், இன்னொரு வகைக்குச் சிறுநீரகம் தவிர மற்ற எல்லா இடத்திலும். பிறகு தோலுக்கடியில் சிறு பம்ப் வைத்து வாரக்கணக்கில் ஆஞ்சியோடென்சின் 2 செலுத்தினார்கள். சிறுநீரகத்தில் ஏற்பி இருந்த எலிக்குப் பிரஷர் ஏறி நின்றது, இதயமும் தடித்தது. சிறுநீரகத்தில் மட்டும் இல்லாத எலிக்குப் பிரஷர் ஏறி நிலைக்கவில்லை, இதயமும் தடிக்கவில்லை. 2006இல் இதைப் படித்த பிறகு, இதயம் தடித்த ஒவ்வொரு நோயாளியின் சிறுநீரகத்தையும் நான் பார்க்கிற பார்வை மாறியது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனிதனுக்கு ஏடி1 ஏற்பி ஜீன் ஒன்றுதான், சுண்டெலிக்கு ஏ, பி என்று இரண்டு. எலியில் கண்ட எண்ணை அப்படியே மனிதனுக்குத் தூக்கி வர முடியாது. வழியை எடுத்துக்கொள்ளலாம், அளவை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அக்கா சொன்ன ஆஞ்சியோடென்சினோஜென் படிக்கட்டுக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. கல்லீரலில் அந்தப் புரதம் உருவாவதையே ஆர்என்ஏ குறுக்கீடு வழியாக, அதாவது ஜீனிலிருந்து வரும் செய்தியை அழித்து, குறைக்கும் ஜிலெபெசிரான் என்கிற ஊசி இப்போது மனிதர்களில் சோதனையில் இருக்கிறது. 2023இல் வந்த முதல் கட்ட முடிவில், ஒரே ஊசியில் பிரஷர் இறங்கி, அதிக அளவு பெற்றவர்களுக்கு 24 வாரம் வரை அந்த இறக்கம் நீடித்தது. பிரதியைக் குறைத்தால் பிரஷர் குறையும் என்று எலியில் பார்த்தது, ஜீனைத் தொடாமலேயே மனிதனிடம் நடக்கிறது. தினமும் மாத்திரை போட மறக்கும் என் நோயாளிகளை நினைத்துக்கொண்டுதான் அதைப் படித்தேன்.

இரண்டாம்வருடம் பதில், எட்டு மாதம் கழித்து:

இந்தத் திரியை மறக்கவில்லை. முடிவு வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

ஒரே ஈற்றுக் குட்டிகளாக மூன்று வகையிலும் 14, 14 எலிகள் சேர்த்தேன். அட்டைகளை என் தோழி மாற்றித் தந்தாள், கடைசி நாள் வரை எது என்ன என்று எனக்குத் தெரியாது. ஆறு நாள் பழக்கினேன். மீசை அடங்கும் வரை காத்திருந்தேன் அக்கா, நீங்கள் சொன்னது போலவே. ஐந்தாம் நாளுக்கு மேல் பல எலிகள் தாமாகவே குழாய்க்குள் நுழைய ஆரம்பித்தன.

சாதாரணத் தீவனத்தில் நாக்அவுட்டுக்கும் உடன்பிறப்புக்கும் வித்தியாசம் 5 மி.மீ. முன்பு பார்த்த 15 இல்லை. ஒரு பிரதி உள்ளவை சாதாரண எலிகளோடு ஒட்டியே இருந்தன. அதன் பிறகு மூன்று வாரம் உப்புத் தீவனம். நாக்அவுட் 19 ஏறியது. ஒரு பிரதி உள்ளவை 11. உடன்பிறந்த சாதாரண எலிகள் 2 கூட ஏறவில்லை. சீல் வைத்த உறையைத் திறந்து எண்களைப் பொருத்திப் பார்த்தபோது நானும் தோழியும் தரையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தோம்.

டெலிமெட்ரி கற்றுக்கொண்டேன். முதல் மூன்று எலிகளை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது. நாலாவதிலிருந்து ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்றார். இப்போது ஒன்பது எலிகளில் கருவி ஓடுகிறது. சாதாரணத் தீவனத்தில் அந்த 5 மி.மீ. வித்தியாசம் முழுக்க முழுக்க இரவில் இருக்கிறது, விளக்கு அணைந்து முதல் நாலு மணி நேரத்தில். பகலில், எழுப்பாமல் விட்டால், இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

ஒரு பிரதி எலிகளுக்கு உப்பை நிறுத்தினால் எத்தனை நாளில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்று பார்க்க அடுத்த ஈற்றுக்குக் காத்திருக்கிறேன். இரண்டு தாய்கள் சினையாக இருக்கின்றன. கூடத்து அக்கா, உப்பை நிறுத்திய பிறகு தினமும் அளக்கலாமா, இல்லை எலிகளுக்கு நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டுமா?

கூடத்து_அக்கா பதில்:

தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அள. முதல் வாரம் மட்டும் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று தினமும் எழுதி வை. பிரஷர் இறங்குவதற்கு முன்னாலேயே அதில் மாற்றம் தெரியும். அந்த ஒரு பிரதிக் குட்டிகளின் எண்கள் வந்ததும் இங்கே போடு, நான் பார்க்க வேண்டும்.